மூன்று அங்குலம் உயர்ந்த வண்டி

வாகனப் பதிவு அலுவலகத்தின் நான்காம் எண் கவுண்டரில் ஒருநாள் ஒரு மனு வந்து விழுந்தது. கோடு போட்ட தாள், நீல மை, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. ‘மேற்படி வாகனம் தகுதிச் சோதனைக்கு நேரில் வர இயலாத நிலையில் இருப்பதால், ஆய்வாளர் அவர்கள் வீட்டுக்கே வந்து பார்வையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

கவுண்டருக்கு உள்ளே இருந்தவன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத குமாஸ்தா. அவன் குடும்பத்தில் அதுவரை எல்லாரும் கவுண்டருக்கு வெளியே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவர்கள். உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான். இதை எழுதுவதும் அவன்தான். அந்த நாற்காலியின் மிதப்பு அன்றைக்கு அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

“வர இயலாத நிலைன்னா என்ன சார்? வண்டிக்குக் காய்ச்சலா?”

வெளியே நின்றவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. காக்கிச் சட்டை, நகக்கண்ணில் கிரீஸ். அவர் கோபப்படவில்லை.

“வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார். சாவியத் திருகினா ஒரே மூச்சுல ஸ்டார்ட் ஆகும். வீட்டை விட்டுத்தான் வெளிய வர முடியல.”

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், தன் வீட்டிலும் அதே கதைதான் என்றார். நாலு பேர் சிரித்தார்கள். குமாஸ்தா விதிப் புத்தகத்தைப் புரட்டி, வாகனம் தன் சொந்த இயக்கத்தில் சோதனை மைதானத்துக்கு வந்தாக வேண்டும், அறுபது நாளுக்குள் வராவிட்டால் பதிவு ரத்து, ரத்தானால் கழிவு வாகனமாகக் கணக்கில் எடுத்து உடைக்கக் கொடுத்துவிட வேண்டும் என்று விரலை வைத்து வாசித்துக் காட்டினான். அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். மனுவைத் திரும்ப வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

வண்டி ஏன் வெளியே வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் அவர் வாயால், கொஞ்சம் அவர் மனைவி வாயால், மிச்சம் ஒரு கொத்தனார் வாயால்.

தெருவில் அவருக்குப் பெயர் கான்வாய். ராணுவ வண்டிகள் வரிசையாகப் போவதற்குச் சொல்கிற பெயரை, ஒற்றை வண்டியை நாற்பது வேகத்துக்குமேல் போகாமல் ஓட்டுகிற மனிதருக்கு வைத்துவிட்டார்கள். அவர் ஹாரன் அடித்தால், பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்று கேட்பார்கள். அவரும் சளைக்காமல் இருபத்தைந்து என்பார்.

வேலை நீரேற்று நிலையத்தில். பதினான்கு படி இறங்கினால் மூன்று மோட்டார்கள் ஓடுகிற ஒரு அறை. ஜன்னல் கிடையாது. எட்டு மணி நேரமும் அரை மணிக்கு ஒருதரம் மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். ஷிப்ட் முடிய அடுத்த ஆள் வந்து கதவைத் தட்டும்வரை உள்தாழ்ப்பாளைத் திறக்கக் கூடாது என்று விதி. உள்ளே இருப்பவர் வெளியே போய்விடாமல் இருக்கவா, வெளியே இருப்பவர் உள்ளே வந்துவிடாமல் இருக்கவா என்று யாரும் விளக்கியதில்லை. இருபத்தாறு வருஷம் அந்த இரைச்சலில் இருந்ததில் கான்வாய்க்கு ஒரு காது மந்தம். ஆனால் இயந்திரத்தின் சத்தத்தில் ஒரு மயிரிழை பிசகினாலும் அந்தக் காதே முதலில் கண்டுபிடிக்கும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நிலையத்துக்கு ஒரு பழைய ஜெனரேட்டர் எடுப்பதற்காகப் பொறியாளரோடு ராணுவக் கழிவு ஏலத்துக்குப் போனார். ஜெனரேட்டர் படியவில்லை. அங்கே புல் முளைத்து ஒரு பெட்டி வண்டி நின்றது. முன்னால் இரும்புத் தலை, பின்னால் அறை மாதிரி மூடிய இரும்புப் பெட்டி. ஒயர்லெஸ் ஆட்கள் உட்கார்ந்து போன வண்டியாம். பொறியாளர் கிளம்பலாமா என்று கேட்டபோது, இவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார்.

அதை ஏலத்தில் எடுத்து ஓட வைக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. டீசல் தொட்டிக்குள் துருப் போக, கூழாங்கல்லையும் துண்டுச் சங்கிலியையும் போட்டு அவரும் அவர் அண்ணனுமாகக் கயிற்றில் கட்டிக் குலுக்கினார்கள். பிரேக்கின் ரப்பர் கிண்ணங்களைக் கடைசலில் செய்து வாங்கினார். மின்சாரக் கம்பிகள் எல்லாம் துணி சுற்றியவை. இரண்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினார். மாதம் முதல் தேதி முப்பத்திரண்டு இடத்தில் கிரீஸ் அடிப்பார். முப்பத்தொன்று அடித்துவிட்டு ஒன்றை மறந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

பெட்டிக்குள் சுவரில் மடக்குகிற ஒரு மேஜை, தரையில் போல்ட் போட்ட இரண்டு முக்காலி, ஒன்றரை அடிச் சதுரத்தில் நகர்த்துகிற ஜன்னல். மேஜைக்கு மேலே யாரோ ஒரு சிப்பாய் பென்சிலால் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எதையோ எண்ணியிருந்தான். நாற்பத்து மூன்றோடு நின்றிருந்தது. கான்வாய் உள்ளே முழுக்க வர்ணம் அடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார்.

அந்த மேஜை அவர் மனைவிக்கு. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தெரு முழுக்க டீச்சர் என்றே கூப்பிடும். மாதத்தில் இரண்டு ஞாயிறு காலையில் வண்டி கிளம்பும். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி வரைக்கும் பதினெட்டுக் கிலோமீட்டர். அவர் முன்னால் ஓட்டுவார். டீச்சர் பின்னால் பெட்டியில் உட்கார்ந்து, குலுங்கக் குலுங்க விடைத்தாள் திருத்துவார். அந்த ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு மதிப்பெண் தாராளமாக விழும் என்று பள்ளியில் பேச்சு. குவாரித் தண்ணீர் ஓரம் நிறுத்தி, கொண்டுபோனதைச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுத் திரும்புவார்கள்.

அவர்கள் இருந்தது கூட்டு வீடு. முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு, நடுவில் ஒரே சுவர். கான்வாய்க்கும் டீச்சருக்கும் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேச அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் ஆள் பஞ்சமும் இல்லை. ஆகவே அந்த இரண்டு ஞாயிறும் அவர்களுக்கு என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

அண்ணன் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. தம்பியை வளர்த்தவர், படிக்க வைத்தவர், வேலை வாங்கிக் கொடுத்தவர். இதையெல்லாம் அவர் சொல்லிக்காட்டியதே இல்லை. சொல்லிக்காட்டியிருந்தால் தம்பிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாடியில் ஒரு அறை வேண்டும். வீட்டுக்குப் பக்கவாட்டில் பின்கட்டுக்குப் போகிற சந்துக்கு மேலே குறுக்காகப் பீம் போட்டு, அதன்மேல் அறை எழுப்புவதாக முடிவானது. அந்தச் சந்துதான் வண்டி வந்துபோகிற வழி. பீமின் உயரத்தைத் தம்பியே சொல்லட்டும் என்று அண்ணன் விட்டுவிட்டார்.

மழைக்காலம். சிமென்ட் மூட்டைகளை எங்கே நனையாமல் வைப்பது என்று கொத்தனார் கையைப் பிசைந்தார். கான்வாய், தன் வண்டி எதற்கு இருக்கிறது என்று பெருமையாக முன்வந்தார். கடையிலிருந்து அவரே ஓட்டிவந்த அறுபது மூட்டையும் பெட்டிக்குள் அடுக்கியபடியே இருந்தது. மூன்று டன். வண்டி பின்கட்டில் நின்றது. மறுநாள் கொத்தனார் உயரம் கேட்டார். கான்வாய் பெட்டியின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அளந்தார். சரியாக ஒன்பது அடி. கொத்தனார் பத்தாக வைத்துவிடலாமா என்று கேட்டார். அரை அடி குறைந்தாலும் மாடி அறைக்கு ஒரு படி மிச்சம் என்று அண்ணன் நாடாவைத் திருகிக்கொண்டே சொன்னார்.

“ஒன்பது அடி ரெண்டு அங்குலம் வைங்க. எனக்கு ரெண்டு அங்குலம் தாராளம்” என்றார் கான்வாய்.

ஓட்டுகிறவரின் கர்வம் அது. அண்ணனுக்காக விட்டுக்கொடுத்த சந்தோஷமும் கூட.

பிறகு நடந்தது எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. வண்டியின் வயிற்றிலிருந்து தினமும் ஐந்து மூட்டை, எட்டு மூட்டை என்று இறங்கிப் பீமாகவும் தளமாகவும் சுவராகவும் மேலே ஏறியது. மூட்டை இறங்க இறங்க, நசுங்கிக் கிடந்த ஸ்பிரிங் பட்டைகள் மூச்சுவிட்டு நிமிர்ந்தன. சந்து முழுக்க முட்டுக் கம்புகள் நின்றதால் வண்டியை எடுக்க வழியில்லை. எடுக்க யாரும் நினைக்கவும் இல்லை. ஒரு மாதம் கழித்து முட்டுக் கம்புகளைப் பிரித்தார்கள். முதல் ஞாயிறு காலை வீட்டில் மற்றவர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருந்தார்கள். டீச்சர் மேஜையில் தாள்களை விரித்து உட்கார்ந்துவிட்டார். கான்வாய் கிளட்சை விட்டார். வண்டியின் தலை பீமைத் தாண்டியது. பெட்டி தாண்டவில்லை.

கர்ரென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தார். பெட்டியின் முன்விளிம்பில் ஒரு கோட்டுக்கு வர்ணம் பெயர்ந்திருந்தது. மறுபடி தூக்குக்குண்டு விட்டார். ஒன்பது அடி ஐந்து அங்குலம். பீமைவிட மூன்று அங்குலம் அதிகம். ஸ்பிரிங்கைப் பற்றி இந்தத் தெருவில் யாருக்காவது தெரியும் என்றால் அது அவருக்குத்தான் தெரியும். வெறும் வண்டி எவ்வளவு நிமிரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பார். பாரம் ஏற்றிய வண்டியை அளந்துவிட்டு வெறும் வண்டிக்கு வாசல் வைத்தவரும் அவரேதான்.

வண்டியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினார். கேட்ட டீச்சரிடம் கியரில் ஏதோ கோளாறு என்றார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பீம் புதுக் கான்கிரீட், மேலே சுவர் முழுசாக எழும்பவில்லை. ஆனால் சொன்னால், தம்பி ஒரு அளவு எடுத்த லட்சணத்தால் கல்யாணத்துக்கு முன்னால் பீமை இடிக்க வேண்டும் என்று ஆகும். அண்ணன் ஒரு வார்த்தை திட்ட மாட்டார். பேசாமல் கடப்பாரையைத் தேடுவார். அதற்குப் பயந்து கான்வாய் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். கல்யாணம் முடிந்தது. மருமகள் மாடி அறைக்கு வந்தாள். இனி எப்படிச் சொல்வது என்று ஆனது.

அதைவிடப் பெரிய பிசகு அதற்கடுத்த மாதம். வீட்டில் ஆள் கூடிவிட்டதால் தரைக்கடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்ட அண்ணன் ஏற்பாடு செய்தார். இடம் இருந்தது சந்தில் மட்டும். கான்வாய் ஷிப்ட் முடிந்து வந்தபோது பீமுக்கு நேர் கீழே குழி பாதி தோண்டியாகிவிட்டது. குழி ஓரம் போய் நின்றார். மூடிக்கு எத்தனை அங்குலக் கான்கிரீட் என்று கொத்தனாரைக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். அதைக் கேட்டால் எதற்கு என்று வரும். எதற்கு என்று வந்தால் எல்லாம் வரும். ஆகவே தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டார். ஆறாயிரம் என்றார்கள். தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. ஓடாத வண்டி செத்துப்போகும் என்பதால் ஞாயிறு தவறாமல் ஸ்டார்ட் செய்வார். பின்கட்டில் இருந்த இடத்துக்குள் நாலு அடி முன்னே போவார், நாலு அடி பின்னே வருவார். நாலு அடிக்குள் முதல் கியரைத் தாண்ட முடியாது என்பதால் இரண்டாவது கியரை அந்த வண்டி மறந்தேபோனது. டீசல் புகை மாடி ஏறுகிறது என்று அண்ணி ஒருமுறை சாடையாகச் சொன்னதற்குப் பிறகு பத்து நிமிஷத்தை ஐந்தாகக் குறைத்தார். கிரீஸ் மட்டும் முப்பத்திரண்டு இடத்திலும் அடித்தார்.

டீச்சர் மூன்றாவது மாதமே கண்டுபிடித்துவிட்டார். பெயர்ந்த வர்ணத்தையும் பீமின் அடியில் ஒட்டியிருந்த பச்சைத் தடத்தையும் பார்த்துவிட்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அளவு எடுக்கும்போது நிபந்தனைகளை எழுதிவிட்டுத்தான் எடுப்பார்கள் என்றார். அவ்வளவுதான். அண்ணனிடம் போய்ச் சொல்லுங்கள் என்று வாரம் ஒருமுறை சொன்னார், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடைத்தாளை எடுத்துக்கொண்டு, நின்ற வண்டியின் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். ஜன்னலைத் திறந்தால் எதிரே குளியலறைச் சுவர்.

அப்போதுதான் பதிவு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. மனு எழுதிப் பார்த்தார். நான்காம் எண் கவுண்டரில் நடந்தது மேலே சொன்னதுதான்.

அறுபது நாளில் முதல் இருபது நாள் கணக்குப் போடுவதில் போயிற்று. டயரில் காற்றை இறக்கினால் நாலு அங்குலம் கிடைக்கும். ஆனால் காற்றில்லாமல் ஒரு முழம் உருண்டாலும் கிழிந்துபோகிற வயது அந்த டயர்களுக்கு, அந்த அளவில் புதிது எங்கும் கிடையாது. சந்தைத் தோண்டி ஆழப்படுத்தலாம் என்றால் கீழே தொட்டி. கடைசியில் எங்கே சுற்றினாலும் ஒரே இடத்தில் வந்து நின்றது. எப்படி உள்ளே வந்ததோ அப்படியே வெளியே போக வேண்டும். மூன்று டன் ஏற்றினால் வண்டி தாழும், பீமைத் தாண்டும்.

கொத்தனாரை நிலையத்து வாசலுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கொத்தனார் வெற்று வாயை மென்றபடி கேட்டார். தொட்டி மூடி போட்டது பைக்குக்கும் சைக்கிளுக்கும் என்றார். வண்டியும் பாரமுமாக ஏழெட்டு டன் ஏறினால் வண்டி தண்ணீருக்குள்தான் போகும். தொட்டியைக் காலி செய்து உள்ளே கம்பு கம்பாக முட்டுக் கொடுத்தால் வேண்டுமானால் தாங்கலாம், ஆனால் மூன்று நாள் வீட்டில் தண்ணீர் இருக்காது, பெரியவரிடம் கேட்காமல் தன்னால் முடியாது.

“அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றார் கான்வாய்.

“புதுசா என்ன சொல்லப் போறீங்க? முட்டப் பிரிச்ச மறுநாளே நான் சொல்லிட்டனே, வண்டி நிமிர்ந்திருக்குன்னு. உங்ககிட்ட பேசிக்கறேன்னார். பேசலயா?”

அன்றைக்கு மோட்டார் அறையில் இரண்டு அரைமணி நேரக் குறிப்புகள் விட்டுப்போயின. இருபத்தாறு வருஷத்தில் முதல்முறை.

மறுநாள் தையல் கடைக்குப் போனார். அண்ணன் ஒரு கோட்டின் தோளைப் பிரித்துக்கொண்டிருந்தார். உட்கார் என்று முக்காலியைக் காலால் நகர்த்தினார். தம்பி உட்காரவில்லை. ஒன்றரை வருஷமாக ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் மறந்துபோய், ஒரு கேள்வி மட்டும்தான் வந்தது.

“தெரிஞ்சும் ஏன்ணே சொல்லல?”

அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்டா. உன் அளவு, நீ சொல்றதுதான முறை. குழி தோண்டுறப்ப வந்து நின்ன. இப்பச் சொல்லிடுவான்னு பாத்தேன். எத்தனை லிட்டர் பிடிக்கும்னு கேட்டுட்டுப் போயிட்ட. சரி, தம்பிக்கு வண்டிப் பைத்தியம் தெளிஞ்சுடுச்சுன்னு நானும் விட்டுட்டேன்.”

“தெளியல.”

“அது தெரியுது. நாலடி போயிட்டு நாலடி வர்ற. மாடியிலருந்து பாக்கறவங்களுக்கே கழுத்து வலிக்குது.”

கோபப்பட வழி இருக்கிறதா என்று கான்வாய் தேடினார். அகப்படவில்லை. தொட்டியைக் காலி செய்து முட்டுக் கொடுக்கும் விஷயத்தைச் சொன்னார். மூன்று நாள் தண்ணீருக்கு நிலையத்திலிருந்து ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். அண்ணன் கடைசிவரை கேட்டார்.

“தண்ணி கிடக்கட்டும். மேல மருமக, எட்டாவது மாசம். ஏழு டன்ன உருட்டிட்டு வர்ற, ஒரு சக்கரம் இறங்கிச்சுன்னா பெட்டி போயி பீமுலதான் முட்டும். நான் வேண்டாம்னு சொல்லல. நீயே யோசிச்சுச் சொல்லு.”

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நீயே யோசி என்று சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? கான்வாய் வீட்டுக்கு வந்து, பின்கட்டுக்குப் போய், பெட்டிக்குள் ஏறி முக்காலியில் உட்கார்ந்தார். அப்போது மிச்சம் பதினேழு நாள்.

டீச்சர் வந்து எதிர் முக்காலியில் உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டார். பிறகு வகுப்பில் கேட்பது மாதிரியே கேட்டார்.

“உயரம் எதுல இருக்கு?”

“பெட்டியில.”

“பாரம் எதுக்கு ஏத்தணும்?”

“பெட்டியத் தாழ்த்த.”

“அப்பப் பெட்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க.”

அவருக்கு இது தெரியாமல் இல்லை. முதல் வாரத்திலேயே மனதில் வந்து, வந்த வேகத்தில் துரத்திவிட்ட யோசனை. பெட்டி இல்லாவிட்டால் அது தன் வண்டி இல்லை, வெறும் லாரி என்றார்.

“வெளிய போற லாரி” என்றார் டீச்சர்.

“நீ எங்க உக்காருவ?”

“முன்னாடி. பேப்பர வீட்லயே திருத்திக்கறேன்.”

கான்வாய் எழுந்து ஸ்பேனர் பெட்டியை எடுக்கப் போனார்.

பெட்டியைச் சட்டத்தோடு பிணைத்திருந்தவை எட்டு போல்ட்டுகள். மூன்று நாள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்தும் இரண்டு அசையவில்லை. அவற்றை ரம்பம் போட்டு அறுத்தார். பெட்டிக்குப் போகும் கம்பிகளை வெட்டும்போது ஒவ்வொரு முனையிலும் காகிதச் சீட்டு ஒட்டி எண் எழுதினார். நாளைக்கே திரும்ப மாட்டப் போகிறவர் மாதிரி எழுதினார். கொத்தனார் பெட்டியின் நான்கு மூலைக்கும் நேராக, சக்கரத்துக்கு வெளியே, நான்கு செங்கல் தூண் கட்டினார். தூண் காய்ந்ததும் ஜாக்கி வைத்துப் பெட்டியை அரை அடி தூக்கி, குறுக்கே இரும்புத் தூலம் கொடுத்து அதன்மேல் இருத்தினார்கள். இனி வண்டி அடியிலிருந்து நழுவி வர வேண்டியதுதான்.

ஐம்பத்தாறாவது நாள் காலை. மருமகளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார் அண்ணன். கேட்டு அனுப்பவில்லை, அவராகவே அனுப்பினார். மணலில் சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் போடுவதற்கென்று வண்டியோடு வந்த இரும்புப் பலகைகளைத் தொட்டி மூடியின் மேல் விளிம்புக்கு விளிம்பு பரப்பினார்கள். வெறும் சட்டம் மூன்று டன்னுக்குள், பலகை இருந்தால் தாங்கும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். சொன்னவர் இப்போது ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

கான்வாய் கிளட்சை மயிரிழையாக விட்டார். பெட்டிக்கு அடியிலிருந்து வண்டி வழுக்கிக்கொண்டு வந்தது. பின்பாதி வெறும் சட்டமும் சக்கரமுமாக, சட்டை கழற்றிய மனிதனின் முதுகெலும்பு போல இருந்தது. முன்சக்கரம் பலகையில் ஏறியபோது கீழே ஆறாயிரம் லிட்டரும் ஒருமுறை தளும்பிய சத்தம் கேட்டது. பின்சக்கரம் ஏறியது. இறங்கியது. மூடியில் கீறல் இல்லை. வண்டியின் தலைக்கும் பீமுக்கும் நடுவில் நல்ல இடைவெளி.

அண்ணன் அண்ணாந்து பார்த்தார்.

“இவ்வளவு இடம் இருக்கே. இன்னும் ஒரு அடி இறக்கியே கட்டியிருக்கலாம் போல.”

கொத்தனார் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. கான்வாய்க்கு அது கேட்டதா என்பது தெரியாது, அண்ணன் நின்றது அவருடைய மந்தக் காதின் பக்கம்.

சோதனை மைதானத்தில் ஆய்வாளர் பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், அடியில் குனிந்து பார்த்துவிட்டு இந்தச் சுத்தத்தில் புது வண்டிகூட வராது என்றார். பிறகு பதிவுப் புத்தகத்தைப் பிரித்தார். அதில் ‘மூடிய பெட்டி உடல்’ என்று இருந்தது. பெட்டி எங்கே என்று கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றார் கான்வாய். அப்படியானால் மாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும், நான்காம் எண் கவுண்டர்.

படிவத்தில் ஒரு கட்டம்: உடல் நீக்கம் நிரந்தரமானதா? ஆம் என்றால் சான்றிதழ் அன்றே. இல்லை என்றால் பெட்டியோடு திரும்ப வர வேண்டும். நடுவில் ஒன்றும் கிடையாது. சும்மா இப்போதைக்கு என்று எழுத முடியுமா என்று அவர் கேட்டார். குமாஸ்தா விதிப் புத்தகத்தைத் திறந்து மூடினான், இந்த முறை விரலை வைத்து வாசிக்கவில்லை, கேலியும் பேசவில்லை. அவர் பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் பிடித்தபடி நின்றார். பின்னால் வரிசை உச்சுக்கொட்டியது. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதச் சீட்டை எடுத்துப் பார்த்தார், ஏதோ ஒரு எண். அதைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு, ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது கான்வாய்க்கு ஐம்பத்தைந்து. ஓய்வு பெற இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. பெட்டி பின்கட்டில் நான்கு தூணின்மேல் நிற்கிறது, அதன் அடியில் கட்டிய கயிற்றில் அண்ணன் பேத்தியின் துணிகள் காய்கின்றன. வண்டிக்குப் பின்னால் பலகை போட்ட திறந்த தட்டு ஒன்று வந்திருக்கிறது. அண்ணனும் தம்பியும் தண்ணீர் வருகிற நேரத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு டீச்சரும் அவரும் குவாரிக்குப் போகிறார்கள், இஞ்சின் இரைச்சலில் முன்சீட்டில் பேச முடிவதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பிவிடுகிறார்கள். ஆறு மணிக்குமேல் அண்ணன் மகன் சந்தில் பைக்கை நிறுத்திப் பூட்டிவிடுவான்.